டெவுவானில் காக்பிட் ஏறவில்லை: சிஸ்டம்டி இல்லாமல் ஓட்ட வழி உண்டா?

கருந்திரை:
டெவுவான் 5 (சிஸ்டம்டி இல்லாத டெபியன் வகை லினக்ஸ்). கணினி தொடங்கும்போது சேவைகளை எழுப்பும் நிரலான இனிட்டாக, சிஸ்டம்டிக்குப் பதில் பழைய சிஸ்வி இருக்கிறது. சேவைகளை நிறுத்த, தொடங்க, பதிவுகளைப் பார்க்க, வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்க உலாவியில் ஒரு கருவி வேண்டும். அப்படியொரு கருவியான காக்பிட்டை நிறுவப் போனால் சிஸ்டம்டி வேண்டும் என்று சொல்லி, தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் மறுக்கிறது. ஒரு வலைப்பக்கத்தைக் காட்டும் நிரலுக்கு இனிட் எதுவாக இருந்தால் என்ன? ஈக்விவ்ஸ் கொண்டு சிஸ்டம்டி என்ற பெயரில் வெற்றுத் தொகுப்பு ஒன்று செய்து ஆப்டை ஏமாற்றினால் ஓடுமா?

முனையம்27:
ஏமாத்தலாம், ஏறியும் விடும். ஆனா உள்ளே போனா முக்கியமான பக்கமெல்லாம் காலியா இருக்கும்.

காக்பிட் தனக்குன்னு எதையும் சேமிச்சு வெச்சுக்கறதில்லை. உலாவியில ஓடுற ஜாவாஸ்கிரிப்ட், வெப்சாக்கெட் இணைப்பு வழியா, கணினியில ஓடுற காக்பிட் பிரிட்ஜ்ங்கற துணை நிரல்கிட்ட பேசும். பிரிட்ஜ் நேரா, நிரல்கள் தங்களுக்குள்ள பேசிக்கற டி-பஸ்ல போய்க் கேட்கும். சேவைகள் பக்கம்னா அது சிஸ்டம்டியோட டி-பஸ் இடைமுகத்துக்கு ஒரு முகப்பு, அவ்வளவுதான். பதிவுகள் பக்கம், சிஸ்டம்டியோட பதிவைப் படிக்கற ஜர்னல்சிடிஎல் கட்டளை தர்றதைக் காட்டுது. கணினிப் பெயருக்கு ஹோஸ்ட்நேம்டி, நேரத்துக்கு டைம்டேட்டட்; ரெண்டுமே சிஸ்டம்டியோட துணைச் சேவைகள். உங்க கணினியில மறுமுனையில ஆளே இல்லை. சிஸ்டம்டி இல்லாம ஓடுற ஈலாகின்ட் போட்டாலும், பயனர் உள்நுழைவைக் கவனிக்கற லாகின்ட் வேலையை மட்டும்தான் அது பார்க்கும்.

9090 போர்ட் தடை இல்லை. வழக்கமா காக்பிட்டுக்கான அந்தப் போர்ட்டைப் பிடிச்சு வெச்சிருக்கறது பிஐடி (செயல்முறை எண்) 1, அதாவது சிஸ்டம்டி. யாராவது இணைஞ்சாத்தான் காக்பிட் எழும்பும், ஆள் இல்லைன்னா 90 விநாடியில தானே அணைஞ்சிடும். இதைச் சுத்திப் போகலாம்: காக்பிட்டோட வலைச்சேவையகமான காக்பிட்-டபிள்யூஎஸ் நிரலை ஒரு இனிட் ஸ்கிரிப்ட்ல (சேவையைத் தொடங்க, நிறுத்த சிஸ்வி ஓட்டுற கோப்பு) இருந்து நேரா ஓட்டலாம். வட்டுகளைக் கவனிக்கற யூடிஸ்க்ஸ்2 சேவை இருந்தா வட்டுப் பக்கம் வரும், கட்டளை அடிக்கற முனையப் பக்கமும் வரும். பிணையப் பக்கத்துக்கு நெட்வொர்க் மேனேஜர் வேணும். பழைய இன்டர்ஃபேசஸ் கோப்புல அமைச்ச இணைப்பை அது தன் பொறுப்பா எடுத்துக்காது. நீங்க கேட்ட மூணுல வட்டு மட்டும் தேறும். அதுக்கு இவ்வளவு பாடா?

ஈக்விவ்ஸ் வேண்டவே வேண்டாம். நாளைக்கு உண்மையிலேயே சிஸ்டம்டி தேவைப்படுற வேற தொகுப்பு வந்தா, ஆப்ட் அதையும் வாய் திறக்காம ஏத்திடும். அதுல இனிட் ஸ்கிரிப்ட் இருக்காது, சிஸ்டம்டி மட்டும் படிக்கற யூனிட் கோப்புதான் இருக்கும். சேவை எழும்பாது, பிழைச் செய்தியும் வராது.

வேர்ப்பயனர்:
மேலே சொன்னது சரி. உங்களுக்குப் பொருந்துவது வெப்மின். 1997இல் வந்த பெர்ல் நிரல்; மினிசர்வ் என்ற சொந்த வலைச்சேவையகத்தோடு 10000 போர்ட்டில் ஓடும். இது டி-பஸ்ஸை நம்பி இல்லை. கட்டளையை ஓட்டி, கோப்பைப் படித்து, அதில் கிடைத்ததைக் காட்டும். அழகு குறைவு, ஆனால் எந்த இனிட்டோடும் ஒத்துப்போகும்.

டெப் தொகுப்பை நிறுவியதும் முதல் வேலை: இடிசி அடைவில் வெப்மின் உறைக்குள் இருக்கும் மினிசர்வ்.கான்ஃப் கோப்பில் பைண்ட் மதிப்பை 127.0.0.1 (அதே கணினியிலிருந்து மட்டும் எட்டும் முகவரி) ஆக்குங்கள். பிறகு மறையாக்கப்பட்ட எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக மட்டும் நுழையுங்கள். இதை விருப்பத் தேர்வாக நினைக்க வேண்டாம். 2019இல் வெளிப்பட்ட பின்கதவு 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளில் இருந்தது, 1.890இல் இயல்பு அமைப்பிலேயே கடவுச்சொல் இல்லாமல் ரூட் அதிகாரத்தில் கட்டளை ஓட்ட முடிந்தது. 1.930இல் நீக்கப்பட்டது. 10000 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தவர்களுக்குத்தான் அன்று ஆபத்து.

இனிட் எது என்பதை வெப்மின் தானே கண்டுபிடிக்கும். சிஸ்டம்டியின் கட்டளையான சிஸ்டம்சிடிஎல் பெயரில் போலி ஸ்கிரிப்ட் ஏதாவது வைத்திருந்தால் குழம்பும். அப்போது அதே வெப்மின் உறையில் இனிட் உள்ளுறைக்குள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் இனிட்_மோட் மதிப்பை இனிட் என்று எழுதி, வெப்மினை மறுதொடக்கம் செய்தால் போதும்.

தொகுப்பில் இனிட் ஸ்கிரிப்ட் கைவிடப்பட்டிருந்தால், ஆர்ஃபன்-சிஸ்விஇனிட்-ஸ்கிரிப்ட்ஸ் என்ற தொகுப்பில் பாருங்கள். டெபியன் பராமரிப்பாளர்கள் தூக்கிப்போட்ட ஸ்கிரிப்ட்கள் பல அதில் இருக்கின்றன.

கருந்திரை:
நன்றி. வெப்மின் ஏறிவிட்டது, என்ஜின்எக்ஸ் வலைச்சேவையகம் சரியாகத் தெரிகிறது. நான் எழுதிய ஸ்கிரிப்ட்டில் ஓடும் ஒரு சேவை மட்டும் ஓடிக்கொண்டிருந்தாலும் ஓடவில்லை என்றே காட்டுகிறது. ஸ்கிரிப்ட்டில், ஓடுகிறதா என்று சொல்லும் ஸ்டேட்டஸ் கிளை இருக்கிறது. சேவையைத் தொடங்கும் ஸ்டார்ட்-ஸ்டாப்-டீமன் கட்டளையில் பேக்கிரவுண்ட், மேக்-பிட்ஃபைல் என்ற விருப்பங்களைக் கொடுத்திருக்கிறேன்.

வேர்ப்பயனர்:
அந்த நிரல் தானாகவே பின்னணிக்குப் போகிறதா? அப்படியானால் சிக்கல் அங்கேதான். மேக்-பிட்ஃபைல், தான் தொடங்கிய செயல்முறையின் எண்ணை (பிஐடி) ஒரு கோப்பில் எழுதும். நிரல் உடனே ஃபோர்க் ஆகி (தன் நகலாக ஒரு பிள்ளைச் செயல்முறையை உருவாக்கி), தாய் செத்து, பிள்ளை வேறு எண்ணில் ஓடும். கோப்பில் இருப்பது செத்தவரின் எண். ஸ்டேட்டஸ் கிளை அதைப் பார்த்துவிட்டு ஓடவில்லை என்கிறது, வெப்மின் அதை அப்படியே காட்டுகிறது. ஸ்டாப் கொடுத்தாலும் நிற்காது, அதையும் சோதித்துப் பாருங்கள்.

இரண்டில் ஒன்று செய்யுங்கள். நிரலில் முன்னணியிலேயே ஓடச் சொல்லும் விருப்பம் இருந்தால் அதைக் கொடுத்து, இப்போதுள்ள இரண்டையும் அப்படியே விடுங்கள். இல்லையென்றால் இரண்டையும் எடுத்துவிட்டு, நிரலையே பிஐடி கோப்பு எழுதச் சொல்லி, ஸ்கிரிப்ட்டில் பிட்ஃபைல் பாதையை மட்டும் காட்டுங்கள். ஸ்டேட்டஸ் கிளை ஓடினால் 0, செத்தும் பிஐடி கோப்பு மிச்சம் இருந்தால் 1, நின்றிருந்தால் 3 என்று திருப்ப வேண்டும்.

முனையம்27:
ஒண்ணு சேர்த்துக்கறேன். சிஸ்டம்டி ஒரு சேவையோட செயல்முறைகளை சிகுரூப்ங்கற கர்னல் குழுவுல கட்டி வெச்சிருக்கறதால எத்தனை தடவை ஃபோர்க் ஆனாலும் எது யாரோடதுன்னு அதுக்குத் தெரியும். சிஸ்வில அந்தக் கணக்கு பிஐடி கோப்பை நம்பித்தான். விழுந்தா தானா எழுப்பவும் ஆள் இல்லை. அதுக்கு மோனிட்ங்கற கண்காணிப்பு நிரலை வைங்க: 2812 போர்ட்ல வலைமுகப்பு உண்டு, எந்த இனிட்டா இருந்தாலும் கவலை இல்லை, நீங்க எழுதித் தர்ற ஸ்டார்ட் கட்டளையைத்தான் ஓட்டும். அதோட அமைப்புக் கோப்பான மோனிட்ஆர்சியின் அனுமதியை 0600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) ஆக்க மறக்காதீங்க, மத்தவங்க படிக்க முடிஞ்சா தொடங்கவே மறுத்திடும். ஆனா முதல்ல அந்த பிஐடி கோப்பைச் சரி பண்ணுங்க. தப்பான எண்ணைப் பார்த்தா மோனிட் சேவை செத்துடுச்சுன்னு நினைச்சு ஒவ்வொரு சுற்றிலும் இன்னொண்ணைத் தொடங்கப் பார்க்கும்.