பன்றி மயிர் பிரஷ்: நுரை நிற்கவில்லை, கன்னத்தில் குத்துகிறது. என்ன செய்யலாம்?

உரும்பிராயான்

வணக்கம். சேவிங் பிரஷ் பாவிக்கிறவர்கள் இருந்தால் உதவி செய்யுங்கள்.

ஐந்து வாரத்துக்கு முன் கனடாவிலிருந்து வந்த சித்தப்பா இரண்டு பிரஷ் தந்துவிட்டுப் போனார். இரண்டும் பன்றி மயிர். ஒன்று இத்தாலியில் செய்தது. மயிர் நீளம், தலை பெரிது. மற்றது போர்த்துக்கலில் செய்தது. மயிர் கட்டை, தலை சிறிது. கூடவே ஒரு கட்டிச் சேவிங் சவர்க்காரமும் தந்தார். அங்கே தன் வீட்டில் நுரை எழுப்பி அவர் அனுப்பிய வீடியோவில் அது எருமைத் தயிர் மாதிரி நிற்கிறது. எனக்கு அப்படி வரவில்லை. கோப்பையில் சுற்றும்போது எழும்புகிறது, ஒரு கன்னம் பூசி முடிவதற்குள் தண்ணீராகிவிடுகிறது. மற்றக் கன்னத்துக்குப் பிரஷில் ஒன்றும் மிச்சமில்லை. நுனி தும்புத்தடி மாதிரிக் குத்துகிறது. ஈரமானால் ஆட்டுக்கொட்டில் மணம். கழுவும்போது நாலைந்து மயிர் கையோடு வருகிறது.

சுடுதண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை. பன்றி மயிர் என்றால் இப்படித்தானா? இரண்டையும் ஒதுக்கிவிட்டுச் செயற்கை நார்ப் பிரஷ் வாங்கவா?

கரவெட்டி வாசகன்

தம்பி, இரவு முழுக்க ஊறவைப்பதை முதலில் நிறுத்துங்கள். பன்றி மயிர் தண்ணீர் குடிக்கும், அது உண்மை. காய்ந்தபடி எடுத்துச் சவர்க்காரத்தில் தேய்த்தால் நுரைக்கு வேண்டிய தண்ணீரை மயிரே உறிஞ்சிவிடும். ஆனால் அதற்கு 10 நிமிடம் போதும். இளஞ்சூட்டுத் தண்ணீர், மயிர் மட்டும் நனைகிற அளவு. கொதிக்கக் கொதிக்க விட்டால் அடியில் மயிரைப் பிடித்திருக்கும் பசை இளகும், மயிரும் முறியத் தொடங்கும்.

நாலைந்து மயிர் உதிர்வது புதுப் பிரஷுக்கு வழக்கம். ஒரே இடத்திலிருந்து கொத்தாக வந்தால்தான் கவலைப்பட வேண்டும். மணம் விலங்கு மயிரின் மணம்தான். தலைக்குப் போடும் ஷாம்பூவால் ஒருமுறை கழுவி, பிறகு சவர்க்காரத்தோடு பழக விடுங்கள், போய்விடும்.

குத்துவதற்கு வருகிறேன். புது மண்சட்டியில் முதல் நாளே யாரும் மீன்குழம்பு வைப்பதில்லை, பழக்கித்தான் வைக்கிறோம். இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு மயிரின் நுனியும் பாவிக்கப் பாவிக்க இரண்டாக, மூன்றாகப் பிளக்கும். அப்படிப் பிளந்த பிறகுதான் கன்னத்துக்கு மெத்தென்று இருக்கும், நுரையையும் பிடித்து வைக்கும். நனைந்து, உரசி, முழுதாகக் காய வேண்டும். இது 20, 30 தரமாவது நடக்க வேண்டும். நீங்கள் வாரத்துக்கு எத்தனை தரம் சேவ் எடுக்கிறீர்கள்?

உரும்பிராயான்

வாரத்துக்கு இரண்டு தரம், அண்ணா. ஒருமுறை இது, அடுத்தமுறை அது என்று மாற்றி மாற்றி.

கரவெட்டி வாசகன்

அப்படியென்றால் ஐந்து வாரத்தில் பத்துத் தரம், ஒரு பிரஷுக்கு ஐந்து. பழக்கம் இன்னும் தொடங்கவே இல்லை! ஒன்றைத் தெரிந்தெடுத்து அதையே பிடியுங்கள். சேவ் எடுக்காத நாளிலும் ஊறவைத்து, சவர்க்காரம் ஏற்றி, உள்ளங்கையில் ஐந்து நிமிடம் நுரைத்துக் கழுவுங்கள். பிறகு உதறிக் காயவிடுங்கள். நுனியை உப்புத்தாளில் தேய்த்தால் சீக்கிரம் பழகும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது நுனியைப் பிளக்காது, தேய்த்து மொட்டையாக்கிவிடும்.

ஐந்துசந்தி

எங்கள் வீட்டில் பன்றி மயிர் பாவிப்பதில்லை. எங்களைப் போலப் பாவிக்காதவர்கள் இதை வாசித்தால்: செயற்கை நார்ப் பிரஷுக்கு ஊறவைப்பதும் பழக்குவதும் தேவையில்லை, நனைத்து உதறினால் போதும். நான் மூன்று வருடமாக ஒன்றையே பாவிக்கிறேன். ஆனால் கிணற்றுத் தண்ணீரில் எனக்கும் நுரை நிற்பதில்லை. அதனால் மயிரில் மட்டும் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மானிப்பாய் ரசாயன வாத்தியார்

ஐந்துசந்தி சொன்னதுதான் விஷயம். உரும்பிராய் என்றவுடனே எனக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. உங்கள் வீட்டுக் கேத்தலுக்குள் பாருங்கள், வெள்ளையாகப் படை படிந்திருக்கும்.

நம் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. குடிக்க ருசியாக இருக்கும் தண்ணீர்கூடச் சவர்க்காரத்துக்கு எதிரி. கட்டிச் சவர்க்காரத்தில் இருப்பது பெரும்பாலும் ஸ்டியரிக் அமிலத்தின் உப்பு. அது கல்சியத்தோடு சேர்ந்தால் கரையாத வெள்ளைப் பசையாகிவிடும். வாளி விளிம்பில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதுதான். நீங்கள் ஏற்றுகிற சவர்க்காரத்தில் ஒரு பங்கு நுரையாகாமல் இப்படியே வீணாகிறது. அந்தப் பசை மயிரிலும் படிந்து அதை விறைக்கச் செய்கிறது. உங்கள் கன்னத்தில் குத்துவதில் மயிருக்கு ஒரு பங்கு, சுண்ணாம்புக்கு ஒரு பங்கு.

ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று பேணி எடுங்கள். ஒன்றில் நேராகக் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் அதே தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, ஆறித் தெளிந்த பிறகு மேலே இருப்பதை மட்டும் இறுத்தது, ஒன்றில் மழைத் தண்ணீர். ஐப்பசி பிறந்துவிட்டது, ஒரு மழைக்கு வாளியை முற்றத்தில் வைத்தால் போதும், பீலித் தண்ணீர் வேண்டாம். மூன்றிலும் ஒரே அளவு சவர்க்காரம் சீவிப் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கொதிக்கும்போது கல்சியத்தில் ஒரு பகுதி சுண்ணாம்பாகக் கீழே படிந்துவிடும். கேத்தலில் படிவது அதுவே.

ஏற்கெனவே படிந்ததை நீக்க, ஒரு பங்கு வினாகிரிக்குப் பத்துப் பங்கு தண்ணீர் விட்டு, மயிரை ஐந்து நிமிடம் அதில் அலசுங்கள். பிறகு ஷாம்பூ, பிறகு நல்ல தண்ணீர். மாதத்துக்கு ஒருமுறை போதும். கிறீம் வாங்குவதாக இருந்தால் பொதியில் ஈடிடிஏ என்று இருக்கிறதா பாருங்கள். அது கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நம் தண்ணீருக்குக் கொஞ்சம் தாங்கும்.

கொக்குவில் சலூன் மகன்

வாத்தியார் ஐயா சொன்னதை அப்பா வேறு விதமாகச் செய்துவந்தார். எங்கள் சலூனில் சேவ் வேலைக்கென்று ஒரு குடத்தில் மழைத் தண்ணீர் மூடி இருக்கும். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. காரணம் எனக்கு இன்றுதான் விளங்கியது.

இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொன்னார் கரவெட்டி வாசகன், எதை என்று நான் சொல்கிறேன். இத்தாலி என்றால் பெரும்பாலும் ஒமேகா கம்பனி, போர்த்துக்கல் என்றால் செமோக் கம்பனி. ஒமேகா 1931 முதல் பொலோஞ்ஞாவில், செமோக் 1935 முதல். இரண்டுமே பழைய கைகள். தரத்தில் ஏற்றத்தாழ்வு தேட வேண்டாம், உங்கள் பழக்கத்தைப் பாருங்கள். மயிர் நீளமானால் வளைந்து கொடுக்கும், தண்ணீர் நிறையப் பிடிக்கும், கோப்பையில் நுரைக்க வசதி. ஆனால் முகத்தில் நேரே நுரைத்தால் நுனி சரிந்து ஓடும். கட்டை மயிர் நிமிர்ந்து நிற்கும், தாடியைத் தூக்கிவிடும், முகத்திலேயே நுரைக்க அதுதான் நல்லது. தொடக்கத்தில் குத்துவதும் அதுதான்.

அப்புறம் ஒன்று. கடையில் மலிவாக வாங்குகிறவர்கள் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி ஒரே மட்டமாகக் கத்தரித்த மாதிரி இருந்தால் இயற்கை நுனி வெட்டுப்பட்டிருக்கிறது. அதைப் பழக்குவது பெரும் பாடு. நான் ஒன்று வாங்கி ஒரு வருடம் பாடுபட்டேன்.

உரும்பிராயான் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. பேணிச் சோதனையை அன்று இரவே தொடங்கி, மழை வந்த பிறகு முடித்தேன். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் பால் மாதிரி கலங்கி மேலே செதில் செதிலாக மிதந்தது. கொதித்துத் தெளிந்ததில் நுரை ஓரளவு. மழைத் தண்ணீரில் பேணி நிறைந்து வழிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், உடுப்புத் தோய்க்கவும் இதையே எடுத்து வைப்போம் என்றார்.

வினாகிரியில் அலசியபோது தண்ணீர் கலங்கி வந்தது. பிறகு போர்த்துக்கல் பிரஷை மட்டும் எடுத்து, மழைத் தண்ணீரில் ஒவ்வொரு நாளும் உள்ளங்கையில் நுரைத்தேன். 12ஆம், 13ஆம் நாள் வரை வேறுபாடு தெரியவில்லை, விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். 17ஆம் நாள் கன்னத்தில் வைத்தபோது குத்தவில்லை. கண்ணாடிக்கு முன் நின்று நுனியை விரித்துப் பார்த்தேன், பிளந்திருக்கிறது. இப்போது ஒருமுறை சவர்க்காரம் ஏற்றினால் முழு முகத்துக்கும் இரண்டு தரம் பூச வருகிறது. இத்தாலிப் பிரஷை இதற்குப் பிறகு பழக்குவேன்.

ஒரு சின்னச் சந்தேகம் மிச்சம். மழை விடாமல் பெய்கிறது, பிரஷ் அடுத்த நாளும் ஈரமாகவே இருக்கிறது.

கரவெட்டி வாசகன்

கேட்கவே சந்தோசமாக இருக்கிறது தம்பி. குளியலறையில் வைக்க வேண்டாம். உதறி, துவாயில் ஒற்றி, அடுப்படி யன்னலோரம் காற்றுப்படுகிற இடத்தில் மயிர் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். அப்படியும் காயாவிட்டால் இத்தாலிப் பிரஷை இன்றே வெளியே எடுங்கள். ஒரு நாள் இது, ஒரு நாள் அது. முன்பு மாற்றி மாற்றிப் பாவித்தது பிழையாக இருந்தது; இந்த மழைக்கு அதுதான் சரி.