வழக்கமா ஓடுற பாதைய அடைச்சுட்டாங்க, உங்களுக்கு இப்படி ஆயிருக்கா?

மூணு வருஷமா ஒரே பாதைல ஓடுறவன் நான். ஆத்தோரமா போயி, மரங்களுக்கு நடுவுல ஏறி, மறுபக்கம் எறங்கி வீடு வந்தா கரெக்டா பத்து கிலோமீட்டர். எந்த வேர்ல கால் தடுக்கும், எங்க மூச்சு வாங்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். போன மாசம் ஒருநாள் காலைல நாலாவது கிலோமீட்டர்ல பாத்தா குறுக்க வேலி, அதுல ஒரு போர்டு, பாதை மூடியிருக்குன்னு. ஏன்னும் இல்ல, எப்ப வரைக்கும்னும் இல்ல.

சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, சுத்தி யாரும் இல்லன்னு பாத்துட்டு வேலி ஓரமா நுழைஞ்சு போயிட்டேன். பாதை நல்லாத்தானே தெரியுது, சும்மா அடைச்சு வெச்சிருக்காங்கன்னு ஒரு நெனப்பு. ஒரு முந்நூறு மீட்டர் தள்ளி வளைவுல லேஸ் அவுந்துபோச்சு, குனிஞ்சு கட்டும்போதுதான் கண்ணுல பட்டுச்சு, எனக்கு முன்னாடி தரையே இல்ல. மழைத்தண்ணி அடிமண்ண மொத்தமா அரிச்சுட்டுப் போயிருக்கு, மேல ஒரு சாண் கனத்துக்குப் புல்லும் வேரும் மட்டும் தொங்குது. நின்னுக்கிட்டுப் பாத்தா சாதாரணத் தரை மாதிரியேதான் இருக்கு, அதான் கொடுமை. லேஸ் மட்டும் அவுறலன்னா ஓடுற வேகத்துல நேரா அதுமேலதான் கால வெச்சிருப்பேன்.

இதுல கூத்து என்னன்னா, திரும்பி வரும்போது உசுரு தப்புச்சேன்னு எல்லாம் தோணல, அய்யோ இன்னைக்குப் பத்து வராதேன்னுதான் மண்டைல ஓடுச்சு. வாட்ச் 8.6 காட்டுது. வாசலுக்கு முன்னாடி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி மீதிய நெறப்பிட்டுத்தான் உள்ள போனேன். உங்க கதையும் சொல்லுங்க.

—

நீங்களாவது தப்பிச்சீங்க ப்ரோ. எங்க பக்கம் காத்தடிச்சு ஒரு பெரிய மரம் பாதைக்குக் குறுக்க விழுந்துச்சு. விழுந்த மரம் செத்த மரம்தானேன்னு ஏறித் தாண்டப் போனேன், அடில வளைஞ்சு மாட்டிக்கிட்டிருந்த ஒரு கிளை நான் மிதிச்சதும் விடுபட்டு தொடைல சாட்டை மாதிரி வாங்குச்சு பாருங்க, ஒரு வாரம் உக்கார முடியல. மரம் அறுக்க வந்தவர் என்னய நிறுத்திச் சொன்னாரு, கிளையெல்லாம் நாணேத்துன வில்லு மாதிரி நிக்கும், எந்தப் பக்கம் தெறிக்கும்னு பாத்துத்தான் நாங்களே கை வைப்போம், அதோட மேலயும் பாருங்க தம்பின்னாரு. அண்ணாந்து பாத்தா பக்கத்து மரத்துல ஒடிஞ்ச கிளை ஒண்ணு பாதி தொங்கிக்கிட்டு இருக்கு.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த மரத்தச் சுத்தி ஆளாளுக்கு ஒரு வழி போட்டு, ரெண்டே வாரத்துல ஒத்தையடிப் பாதை வண்டி போற அளவுக்கு அகலமாயிடுச்சு, செடியெல்லாம் மிதிபட்டுப் போச்சு. சேத்துக்கும் இதே கததான், ஷூ நனையக்கூடாதுன்னு ஓரமா ஓரமா ஒதுங்கியே பாதைய அகலமாக்கிடுறோம். நான் இப்பெல்லாம் நடுவுலயே மிதிச்சுப் போயிடுறேன், ஷூவ காய வெச்சா ஆச்சு.

—

நான் வேலியெல்லாம் தாண்டலங்க, ஒழுங்கா ரோட்டுக்கு மாறுனேன், அப்பவும் அடி வாங்குனேன். பாதை மூணு மாசம் மூடல்னு சொன்னதும் அதே தூரம் அதே வேகம் அப்படியே சிமெண்ட் ரோட்டுல ஓட ஆரம்பிச்சேன். ரெண்டாவது வாரமே முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு ஓரத்துல வலி, படி எறங்க முடியல. மண்பாதைல ஒவ்வொரு அடியும் வேற வேற மாதிரி விழும், ரோட்டுல ஒரே அடிய ஆயிரக்கணக்குல திரும்பத் திரும்ப வெக்கிறோம், கால் அதுக்குப் பழகவே இல்ல. போதாததுக்கு தண்ணி வடியுறதுக்காக ரோட்ட ஓரத்துல சரிவா போட்டிருப்பாங்க, எதிர்ல வர்ற வண்டியப் பாத்துக்கிட்டு எப்பவும் ஒரே ஓரத்துல ஓடுனா ஒரு கால் எப்பவும் பள்ளத்துலதான். அதுக்காக மறுபக்கம் போயி வண்டிக்கு முதுகக் காட்டி ஓடாதீங்க. நான் சரிவு இல்லாத ஒரு தெருவத் தேடிப் புடிச்சு, தூரத்தப் பாதியாக்கி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனேன்.

—

மேப்ப நம்பிப் போன ஆளு நான். பாலம் வேலை நடக்குதுன்னு வழிய மறிச்சுட்டாங்க, போன்ல பாத்தா சுத்துவழி மூணே கிலோமீட்டர், இருபது நிமிஷம்னு கணக்குப் போட்டுக் கெளம்பிட்டேன். மூணு கிலோமீட்டர்தான், ஆனா முந்நூறு மீட்டர் ஏத்தம், அதப் பாக்கவே இல்ல. மலை நடைக்கு நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் 1892லயே ஒரு கணக்கு சொல்லி வெச்சிருக்காரு, அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். அப்படிப் பாத்தா எனக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல, நெசமாவே அவ்ளோதான் ஆச்சு, பாதிக்கு மேல நடைதான். இருட்டிப்போச்சு, போன்ல சார்ஜும் போச்சு. வீட்டுல சொல்லிட்டு வந்த பாதை வேற, நான் நின்ன எடம் வேற, ரெண்டு பேரு ஆத்தோரமா என்னயத் தேடிக்கிட்டு இருந்திருக்காங்க. இப்ப வழி மாறுனா மொதல்ல ஒரு மெசேஜ், அப்புறம்தான் அடுத்த அடி.

—

மைதானத்துக்குப் போங்கப்பா, 25 ரவுண்டு, பத்து கிலோமீட்டர், எவனும் வேலி போட மாட்டான். பதினஞ்சுக்கு மேல எண்ணிக்கை மறந்துடும், அது ஒண்ணுதான் பிரச்சனை.

—

மொதல்ல எழுதுனவன்தான். எல்லாத்தையும் படிச்சேன். மைதானம் நமக்கு ஆவாது அண்ணா, ரெண்டாவது ரவுண்டுலயே வீட்டு ஞாபகம் வந்துடும்.

இப்ப வாட்ச்ல கிலோமீட்டர மறைச்சு நேரம் மட்டும் தெரியுற மாதிரி வெச்சிருக்கேன். அரை மணி நேரம் போறது, அரை மணி நேரம் வர்றது, எங்க அடைச்சிருந்தாலும் அங்கேந்து திரும்பிடலாம். நேத்து வேலிகிட்ட கல்லு அடுக்கிக்கிட்டு இருந்தவங்ககிட்ட எப்பண்ணே தெறப்பீங்கன்னு கேட்டேன். மழை நின்னாத்தான் மண்ணு உக்காரும்னு சொல்லிட்டு, என்னய ஒரு மாதிரி பாத்து, ஓரமா நுழைஞ்ச கால்தடம் யாருதுன்னு தெரியுமான்னாரு. தெரியாதுன்னுட்டேன். வீட்டுக்கு வந்து பாத்தா 9.7. வாசல்ல ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சேன், அப்புறம் ஷூவக் கழட்டிட்டேன்.