ஆட்டோ கேலிப்ரேஷன் போட்டப்புறம் பேஸ் காணோம், மைக்க நம்பலாமா?

வேளச்சேரி_வூஃபர்:
மக்களே ஒரு ஹெல்ப். ஹால் நீளம் 14 அடி, சோஃபா கரெக்டா நடுவுல கெடக்கு. ரிசீவரோட வந்த குட்டி மைக்க வெச்சு ஆட்டோ கேலிப்ரேஷன் (ரூம் சவுண்ட ரிசீவரே அளந்து தானா சரி பண்றது) ஓட்டினேன், அதுலேருந்து சப்வூஃபர் கோன் வெளிய வந்து விழுந்துடும் போல உதறுது, ஆனா சோஃபால உக்காந்தா பேஸ் கிட்டார் கீழ் நோட்டே கேக்கல. பின்னாடி செவுத்தோரம் கிச்சன் வாசல்ல நிக்கிற அம்மாதான் "சவுண்ட கொறைடா"ன்னு கத்துறாங்க. தனியா யூஎஸ்பி மெஷர்மென்ட் மைக் வாங்கணுமா?

மாம்பலம்_வால்வு:
வேஸ்ட் தம்பி. 30 வருஷமா பாட்டு கேக்கறேன், ஒரு மைக் வெச்சதில்ல. சபால மிருதங்கக்காரர் கல்லால தட்டி காதால சேக்கறாரா, இல்ல லேப்டாப்ல கோடு பாத்து சேக்கறாரா? ஃபிரெண்டு ஒருத்தன் வீட்ல அடி பேஸ் 20 ஹெர்ட்ஸ்லேருந்து உச்சி 20,000 வரைக்கும் மைக் காட்டற கிராஃப் கோட்ட நேரா இழுத்து வெச்சான், கேட்டா எக்மோர் ஸ்டேஷன் அனவுன்ஸ்மென்ட் மாதிரி இருந்துச்சு.

ரிச்சி_தெரு_ஆளு:
சார் அவரு பக்கத்துல தம்புரா ஓட விட்டுட்டுதான தட்டறாரு? அந்த தம்புரா வேலையதான் மைக் பாக்குது.

வேளச்சேரி ப்ரோ, உங்க ஹாலுக்கு மைக் வாங்கறதுக்கு முன்னாடியே கணக்கு போட்டுடலாம். சத்தம் செகண்டுக்கு சுமார் 345 மீட்டர் போகுது, 14 அடின்னா 4.27 மீட்டர், அத ரெட்டிப்பாக்கி 345அ அதால வகுத்தா 40 ஹெர்ட்ஸ். அந்த அலை முன் செவுத்துக்கும் பின் செவுத்துக்கும் நடுவுல மோதி மோதி ரெண்டு ஓரத்துலயும் குமிஞ்சிடும், நடு ஹால்ல ஒண்ணுமே இருக்காது. பேஸ் கிட்டார் தடிமன் கம்பிய சும்மா தட்டினா 41 ஹெர்ட்ஸ், அம்மா நிக்கிற எடத்துல அது குமுறும், உங்களுக்கு பட்டை நாமம். ரிசீவர் அந்த பள்ளத்த பாத்துட்டு ஏத்தி விட்டிருக்கும். 10 டெசிபல் ஏத்தினா ஆம்ப் 10 மடங்கு பவர் தரணும், ஆனாலும் ஓட்ட கொடத்துல ஊத்தற தண்ணிதான்.

மாம்பலம்_வால்வு:
அப்போ கெடுத்ததே மைக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.

ரிச்சி_தெரு_ஆளு:
கரன்ட் பில் எகிறினா மீட்டர ஒடைப்பீங்களா சார்? மைக் பள்ளம் இருக்குன்னுதான் சொல்லுச்சு, இக்யூவ (ஈக்வலைசர், எந்த ஹெர்ட்ஸ்ல சத்தம் எவ்ளோன்னு ஏத்தி எறக்கறது) வெச்சு பூசப் போனது ரிசீவர். ஆனா உங்க ஃபிரெண்டு வீட்டு மேட்டர்ல நீங்க சொல்றது கரெக்ட். ஸ்பீக்கர்லேருந்து நேரா வர்றதும் மொசைக் தரைல, ஜன்னல் கண்ணாடில பட்டு வர்றதும் மைக்குக்கு ஒண்ணுதான், நம்ம காது அத பிரிச்சு கேக்கும், அதனால 300 ஹெர்ட்ஸுக்கு மேல நான் கை வெக்கவே மாட்டேன். கீழ மேடு இருந்தா வெட்டுவேன், பள்ளம் இருந்தா விட்டுடுவேன்.

பெரம்பூர்_பாஸ்:
ஃபோன் ஆப் போதாதா?

ரிச்சி_தெரு_ஆளு:
பேஸுக்கு போதாது. ஃபோன் மைக் பேச்சுக்கு செஞ்சது, கீழ பெரும்பாலும் வெட்டிடும். யூமிக்-1 மாதிரி யூஎஸ்பி மெஷர்மென்ட் மைக் வாங்கினா அந்த மைக் சீரியல் நம்பருக்குன்னே கேலிப்ரேஷன் ஃபைல் (அந்த மைக்கோட தப்ப சரி பண்றது) தருவாங்க, அளக்கற சாஃப்ட்வேர் ரூம் இக்யூ விசார்ட் ஃப்ரீ. மைக்க சீலிங்க பாக்க நிறுத்தினா 90 டிகிரி ஃபைல போடுங்க, நெறைய பேர் இதுல கோட்ட விடுவாங்க. ஃபேன கண்டிப்பா ஆஃப் பண்ணிடுங்க.

வேளச்சேரி_வூஃபர்:
அப்டேட். ஆபீஸ் நண்பர்கிட்ட யூமிக் கடன் வாங்கி ராத்திரி 1 மணிக்கு ஃபேன் ஆஃப் பண்ணிட்டு வேர்த்து ஊத்த ஸ்வீப் (கீழ் ஹெர்ட்ஸ்லேருந்து மேல வரைக்கும் ஏறற டெஸ்ட் சத்தம்) ஓட்டினேன், சங்கு ஊதற மாதிரி கெளம்பி மேல போச்சா, தெரு நாய் மொத்தமும் பதிலுக்கு ஊளை. 41ல 17 டெசிபல் பள்ளம். சோஃபாவ 3 அடி பின்னாடி தள்ளிட்டு திரும்ப அளந்தா 5 டெசிபல்தான், அதோட 80 ஹெர்ட்ஸ்ல இருந்த மேடும் எறங்கிடுச்சு. இக்யூ மொத்தமும் ஆஃப். கிட்டார் கேக்குது!

மாம்பலம்_வால்வு:
சோஃபாவ தள்ள எதுக்குப்பா மைக்? காத வெச்சே தள்ளிப் பாத்திருக்கலாம்.

ரிச்சி_தெரு_ஆளு:
தள்ளிருக்கலாம் சார், 30 வருஷம் டைம் இருந்தா.

வேளச்சேரி_வூஃபர்:
ஒரு சிக்கல். ஃப்ரிட்ஜ் கதவு சோஃபால இடிச்சு பாதிதான் தொறக்குது. அம்மா அவங்க பாட்டுக்கு ஒரு அடி முன்னாடி இழுத்துட்டாங்க. மைக்க நாளைக்கு திருப்பி தரணும், இன்னிக்கு ராத்திரி இன்னொரு ஸ்வீப்.