மீட்டர்கேஜ் லோகோ ஷெட்: ஏழு மணி வண்டிக்கு எத்தனை மணிக்கு நெருப்பு மூட்டணும்?

கோட்டோவியன்:
1970-களின் தொடக்கம். தமிழ்நாட்டில் ஒரு மீட்டர்கேஜ் ஜங்ஷன். ஷெட் வேலிக்கு வெளியே உட்கார்ந்து எஞ்சின் நம்பர் குறிக்கும் இரண்டு பையன்கள். இதுதான் நான் வரையும் படக்கதை. எஞ்சின் ஒய்.பி. என்ற நீராவி எஞ்சின் வகை, வண்டி காலை ஏழு மணி பாசஞ்சர். கதையில் ஐந்தரைக்கு நெருப்பு மூட்டுகிறார்கள், ஆறரைக்கு எஞ்சின் ஷெட்டை விட்டு வருகிறது. சரிவருமா? வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பையன்களுக்கு என்னவெல்லாம் தெரியும்? எதை வரைந்தால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்?

ரெண்டாம்ஃபயர்மேன்:
ஐந்தரைக்கு மூட்டினால் ஏழு மணிக்கு விசில்கூட ஊதாது.

முதலில் எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறது என்று முடிவு செய்யுங்கள். முந்தின நாள் ஓடி வந்தது என்றால் நெருப்பை முழுசாக இறக்காமல் ஒதுக்கி, டாம்பரை (அடியிலிருந்து காற்று வரும் கதவு) மூடி வைத்திருப்பார்கள். பாய்லரில் சூடு இருக்கும். அதைக் கிளறிப் பரப்பி ஸ்டீம் ஏற்ற ஒன்றரை இரண்டு மணி நேரம் போதும். வாஷ்அவுட் (பாய்லரைக் கழுவுவது) முடிந்து பாய்லர் ஆறிக் கிடந்தால் முந்தின இரவே மூட்டியாக வேண்டும். ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தவும் கூடாது. ஃபயர்பாக்ஸ் (நெருப்பு எரியும் பெட்டி) தகடு சீக்கிரம் சூடாகும், அடியில் நிற்கும் தண்ணீர் குளிர்ந்தே கிடக்கும். விரிவு ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு. குழாய்கள் தகட்டோடு சேரும் இடத்தில் கசிய ஆரம்பிக்கும், தகடுகளைப் பிடித்து நிறுத்தும் ஸ்டே போல்ட் உடையும்.

மூட்டுவதற்கு முன் தண்ணீர். கேஜ் கிளாஸில் (பாய்லர் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்) தெரிகிற மட்டத்தை அப்படியே நம்பக்கூடாது. துளை அடைத்திருந்தால் பொய் காட்டும். எனவே அதன் காக் என்ற சின்னக் குழாயைத் திறந்து, மட்டம் இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஃபயர்பாக்ஸுக்குள் தலையை விட்டு லெட் பிளக் (ஈய அடைப்பான்) கசிகிறதா என்றும் பார்க்கணும். தண்ணீர் கூரைத்தகட்டுக்குக் கீழே போனால் அந்த ஈயம்தான் உருகி எச்சரிக்கும். பிறகு ரெகுலேட்டர் (சிலிண்டருக்கு ஸ்டீம் விடும் வால்வு) மூடியிருக்கணும், ரிவர்சர் (முன்னே பின்னே போக மாற்றுவது) நடுவில், ஹேண்ட்பிரேக் இறுக்கம், சிலிண்டர் காக் (சிலிண்டரின் வடிகால்) திறந்து. இதில் சோம்பேறித்தனம் கூடாது. ரெகுலேட்டர் கொஞ்சம் கசிந்தாலும், ஸ்டீம் ஏற ஏற ஆளில்லாமல் எஞ்சின் தானே நகர்ந்து ஷெட் சுவரை இடிக்கும்.

கிரேட் (நெருப்பு எரியும் கம்பித் தட்டு) மேல் மெல்லிசாகக் கரி, அதன் மேல் விறகு, எண்ணெயில் நனைத்த காட்டன் வேஸ்ட். பக்கத்து எஞ்சினிலிருந்து ஒரு ஷவல் தணல் வாங்கிப் போட்டால் இன்னும் சுலபம். புகைபோக்கிக்குள் ஸ்டீம் பீச்சிப் புகையை இழுக்கும் ப்ளோயருக்குத் தொடக்கத்தில் ஸ்டீம் கிடையாது. புகை சோம்பலாக, மஞ்சளும் கறுப்புமாகப் புகைபோக்கியிலேயே தவழும், பாதி ஷெட்டுக்குள்ளேயே சுற்றும். கொஞ்சம் பிரஷர் வந்து ப்ளோயரைத் திறந்ததும் 'உஸ்' என்று ஒரே சீராகச் சத்தம் வரும், புகை நிமிர்ந்து மேலே போகும். பையன்களுக்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். ஒய்.பி. பாய்லருக்குச் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்ட் பிரஷர். அதைத் தாண்டினால் சேஃப்டி வால்வு சீறும். ஷெட்டிலேயே சீறவிடுவது கரியை வீணாக்குவது, ஃபயர்மேனுக்குப் பெருமை இல்லை.

ஷெட்டை விட்டுக் கிளம்புமுன் இரண்டு இஞ்ஜெக்டரையும் (பாய்லருக்குள் தண்ணீர் செலுத்துபவை) போட்டுப் பார்த்தே ஆகணும். ஒன்று வேலை செய்யாவிட்டால் வெளியே எடுக்கக்கூடாது.

சாம்பல்குழி:
வேலிக்கு வெளியிலிருந்து பார்க்க வசதியான இடம் எதுவென்றால் சாம்பல் குழி. வண்டி முடிந்து வந்த எஞ்சின் நேராக அங்கேதான் நிற்கும். நம் கரியில் சாம்பல் அதிகம். உருகிய சாம்பல் கிரேட் மேல் கண்ணாடி மாதிரி பாளமாகப் படிந்துவிடும். அதுதான் கிளிங்கர். காற்று அடியிலிருந்து வர முடியாமல் போய், எத்தனை கரி வீசினாலும் ஸ்டீம் இறங்கும். நல்ல நெருப்பை ஒரு பாதிக்கு ஒதுக்கி, மறு பாதியில் கிளிங்கரை நீளக் கம்பியால் குத்தி உடைத்து இறக்குவார்கள். பிறகு பக்கம் மாற்றி அதேபோல. குழியில் விழும் சிவப்புப் பாளங்கள் மேல் குழாய்த் தண்ணீர் அடித்தால் வெள்ளை ஆவி மேலெழும்பும், கந்தக நாற்றம் மூக்கைத் துளைக்கும். இரவுக் காட்சியில் எஞ்சின் வயிற்றுக்கு அடியில் சிவப்பு வெளிச்சம் அடியுங்கள், போதும். அப்போதே ஒருவர் எஞ்சின் முன்பக்கத்து ஸ்மோக்பாக்ஸ் (புகை சேரும் அறை) கதவைத் திறந்து கருந்துகளை ஷவலால் அள்ளிப் போடுவார். அந்தக் கதவு ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டு மூடினாலும் காற்று உள்ளே இழுத்து, டிராஃப்ட் (நெருப்பு வழியாகக் காற்றை இழுக்கும் இழுவை) போய்விடும். மறுநாள் எஞ்சின் இழுக்காததற்குப் பாதிக் காரணம் இதுதான்.

டர்ன்டேபிளில் (எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை) எஞ்சினைக் கையால் தள்ளித் திருப்புவதை வரைகிறீர்கள் என்றால், எஞ்சினை எங்கே நிறுத்துவது என்பதில் கவனம். எடை நடு அச்சில் சமமாக உட்காரணும். டெண்டர் (கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்பகுதி) காலியாக இருந்தால் ஒரு இடம், நிரம்பியிருந்தால் வேறு இடம். ஒரு முழம் தள்ளி நின்றாலும் ஓரச் சக்கரங்கள் அழுந்தி, எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. டிரைவர் முன்னே பின்னே நகர்த்தி நகர்த்தி இடம் பிடிப்பதைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

கோட்டோவியன்:
மிக்க நன்றி. ஓடும் எஞ்சினுக்குக் கறுப்புப் புகை, மூக்கில் நட்சத்திரம் என்று வரைந்து வைத்திருக்கிறேன். சரிதானா? நம்பர் குறிக்கும் பையன்களுக்கு வேறு என்ன தெரிந்திருக்கும்?

எட்டுச்சக்கரம்:
நட்சத்திரத்தை அழியுங்கள். கூம்பு மூக்கும் அதில் நட்சத்திரமும் பிராட்கேஜ் டபிள்யூ.பி.க்குத்தான் அடையாளம். ஒய்.பி.க்குத் தட்டையான வட்ட முகம். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: முதல் எழுத்து டபிள்யூ என்றால் பிராட்கேஜ், ஒய் என்றால் மீட்டர்கேஜ். அடுத்தது பி என்றால் பாசஞ்சர், ஜி என்றால் கூட்ஸ். ஒய்.பி. 1949 முதல் 1970 வரை வந்தவை. உங்கள் பையன்கள் காலத்தில் கடைசியாக வந்தவை புத்தம்புதுசு! எல்லாவற்றையும் கிழட்டு எஞ்சினாகத் துருப்பிடிக்க வைக்காதீர்கள்.

தூரத்திலிருந்து சக்கரம் எண்ணுவார்கள். ஒய்.பி. 4-6-2: பக்கவாட்டில் பார்த்தால் முன்னால் சின்னது இரண்டு, நடுவில் பெரியது மூன்று, பின்னால் ஒன்று. ஒய்.ஜி. 2-8-2: முன்னால் ஒன்று, நடுவில் நான்கு, பின்னால் ஒன்று. ஒய்.ஜி.யின் பெரிய சக்கரம் 4 அடி, ஒய்.பி.க்கு 4 அடி 6 அங்குலம். வரைவதில் இந்த அரை அடி முக்கியம்.

காதாலும் பிடிக்கலாம். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு 'சக்'. ஒய்.பி. சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 4.3 மீட்டர் போகும், அதனால் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நொடிக்கு நான்கு. அதற்கு மேல் எண்ணக் காது ஓடாது. நான்கில் ஒன்று நொண்டினால் வால்வு செட்டிங் தவறியிருக்கிறது. பெட்டியில் உட்கார்ந்தால் தண்டவாள இணைப்பு எண்ணணும். மீட்டர்கேஜ் தண்டவாளத்தில் ஒரு துண்டு 12 மீட்டர். 43 நொடியில் எத்தனை 'டக்' கேட்கிறதோ, அதுவே மணிக்கு அத்தனை கிலோமீட்டர்.

புகை விஷயம்: ஷவல் வீசிய சில நொடிக்குக் கறுப்பு, உடனே மெலிந்து சாம்பல் நிறம். வழி முழுக்கக் கறுப்பு என்றால் கரியைக் கொட்டித் தள்ளுகிறார் என்று அர்த்தம், டிரைவர் திட்டுவார். கிளம்பும்போது வெள்ளை ஆவியைச் சக்கரத்துக்கு முன்னால், இரு பக்கமும் தரையோடு வரையுங்கள். சிலிண்டர் காக் திறந்து, உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். தண்ணீர் அமுங்காது, மூடியபடி ரெகுலேட்டரை இழுத்தால் சிலிண்டர் மூடியே பிளந்துவிடும்.

ரெண்டாம்ஃபயர்மேன்:
ஒன்றை விட்டுவிட்டேன். அச்சுப்பெட்டிகளுக்கு எண்ணெய் விடும் கிண்ணத்துக்குள் கம்பியில் சுற்றிய கம்பளி நூல் திரி ஒன்று இருக்கும். எண்ணெய் அதில் ஊறி ஊறிச் சொட்டாக இறங்கும். நின்ற நிலையிலும் இறங்கும் என்பதால் ஷெட்டுக்கு வந்ததும் திரியை எடுத்துவிட்டு, கிளம்புமுன் போடுவார்கள். போட மறந்தால் சில மைலில் பேரிங் காய்ந்து உலோகம் உருகும். காலைக் காட்சியில் நீள மூக்கு எண்ணெய்க் கேனோடு டிரைவர் சக்கரங்களை இணைக்கும் ராடுகளுக்கு நடுவே குனிந்து நிற்கட்டும். பெரிய ராடின் பேரிங் எல்லாம் கைக்கு எட்டுகிற நிலையில் சக்கரத்தை நிறுத்தி வரைந்தால், தெரிந்தவர்கள் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பார்கள்.