மறு: சேம்பர் ரீமர் – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

போட்டித் துப்பாக்கிக்குப் புதுக் குழல் அமைப்போருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ஓர் அத்தியாயத் தலைப்பிலேயே இரண்டு நாளாக நிற்கிறேன்: சேம்பர் ரீமர்.

குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை வெட்டும் கருவி இது. தோட்டாவின் உடல், தோள், கழுத்து, அதற்கு அப்பால் குண்டு புரிப்பள்ளத்தை (குழலின் உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளம்) எட்டும் சரிவு, அத்தனையும் கருவியின் வடிவத்திலிருந்து அப்படியே குழலில் இறங்கும். ரீமரைத் தேர்ந்தெடுத்த அன்றே அறையின் அளவு முடிவாகிவிடுகிறது. அத்தியாயம் முழுக்க இதைத்தான் பேசுகிறது. இப்போதைக்கு 'அறைத் துளைப்பான்' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

———

துளைப்பான் வேண்டாம் அம்மா. நான் கடைசல் பட்டறைக்காரன், குழல் வேலையும் செய்கிறேன். துளை இல்லாத இடத்தில் துளை போடுவது டிரில். ரீமர் அப்படி இல்லை. ஏற்கெனவே இருக்கும் துளையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகும். அதன் முனையில் பைலட் என்று ஓர் உருளை உண்டு. அது துளையோடு ஒட்டிப் போனால்தான் அறை குழலின் அச்சில் அமையும். பள்ளத்துக்குப் பள்ளம் 0.308 அங்குலம் உள்ள குழலில், பள்ளங்களுக்கு நடுவே நிற்கும் புரிமேடுகளுக்கு இடைப்பட்ட துளை 0.300 அங்குலம் என்பது ஏட்டளவு. கையில் வரும் குழல் அதிலிருந்து இம்மியளவு விலகியிருக்கும். அதனால்தான் போட்டிக் குழல் செய்பவர்கள் பைலட்டைக் கழற்றி மாற்றக்கூடிய ரீமராகப் பார்த்து வாங்குகிறார்கள். 'துளைப்பான்' என்று படிக்கிற பையன் அதைக் கெட்டி எஃகில் வைத்து அழுத்துவான்.

பட்டறையில் எல்லோரும் ரீமர் என்றுதான் சொல்கிறோம். அப்படியே விடலாம் என்பது என் கருத்து.

———

அப்படியே விடுவதற்கு நாம் ஏன் கூடிப் பேச வேண்டும்? தேடிப் பார்ப்போம்.

'தமர்' என்றால் சுற்றத்தார் மட்டுமல்ல, கருவியால் இட்ட துளையும் தமர்தான். 'தமரூசி' என்று துளையிடும் கருவியே அகராதியில் இருக்கிறது. ஆனால் பட்டறை நண்பர் சொல்வதை வைத்துப் பார்த்தால் தமரூசியும் துளைப்பானின் தவற்றையே செய்யும். ஆகவே 'குடை' என்ற வினைக்கு வருகிறேன். மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்தான். வண்டு மரத்தைக் குடைகிறது. நீரைக் குடைந்து ஆடுகிறோம். காதைக் குடைகிறோம். உள்ளே புகுந்து இடம் உண்டாக்கும் பொருள் எல்லாவற்றிலும் இருக்கிறது. காது குடைவதில் துளை முன்பே இருக்கிறது என்பதையும் பாருங்கள். என் பரிந்துரை: குடைவி.

———

ஐயா, 'குடைவி' இலக்கணத்தில் இடறுகிறது. வி, பி பிறவினை விகுதிகள். 'செய்வி' என்றால் செய்யச் செய். 'குடைவி' என்றால் குடையச் செய். கல்வி, கேள்வி, தோல்வி போல எடுத்தாலோ தொழிற்பெயர் ஆகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் கருவிப் பொருள் கிடைக்கவில்லை.

———

'கருவி' என்ற சொல்லின் ஈற்றிலேயே 'வி' நிற்கிறதே. சரி, வற்புறுத்தவில்லை. 'குடைவுளி' என்று வைத்துக்கொள்ளலாம். கதவு + அழகு கதவழகு ஆவது போல, குடைவு + உளி குடைவுளி. புணர்ச்சியில் குறை இல்லை.

———

முன்பாதியையும் பார்க்க வேண்டும். 'தோட்டா' இந்துஸ்தானியிலிருந்து வந்தது. 'துப்பாக்கி'யின் வேர் துருக்கிய மொழியில். பின்பாதிக்கு இவ்வளவு பாடுபட்டுவிட்டு முன்பாதியை இரவல் வாங்குவது எனக்கு உறுத்துகிறது. 'வெடியறை' என்றால் என்ன?

———

வெடியறை என்றதும் வெடிமருந்து அடுக்கி வைக்கும் கிடங்குதான் என் கண்ணில் வருகிறது. வடசொல்லையே வடவெழுத்தை நீக்கி ஏற்கலாம் என்று தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறார். தோட்டாவில் நீக்க வேண்டிய எழுத்துகூட இல்லை. தமிழ்ச்சொல் போலவே உட்கார்ந்துவிட்டது.

இது பாதுகாப்போடு சேர்ந்த விஷயம். போட்டிக்காரர்கள் கழுத்து இறுக்கமான அறையை விரும்புவார்கள். 6 மி.மீ. பி.பி.சி. என்ற தோட்டாவை (பால்மிசானோ, பிண்டெல் இருவரும் 1975-இல் உருவாக்கியது) எடுத்துக்கொண்டால், 0.262 அங்குலக் கழுத்து உள்ள ரீமரைப் பலர் கேட்டு வாங்குகிறார்கள். அதற்கேற்பத் தோட்டாவின் பித்தளை உறையின் கழுத்தைக் கடைந்து மெலிதாக்க வேண்டும். குண்டு பொருத்திய கழுத்தைவிட அறையின் கழுத்து அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்காவது பெரிதாக இருக்கட்டும் என்பது வழக்கமான கணக்கு. கடையாத உறையை அப்படிப்பட்ட அறையில் திணித்தால் கழுத்து விரிய இடமிருக்காது. குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் அபாய அளவுக்கு ஏறும். இதைப் படிப்பவர் ஒரு சொல்லில்கூடத் தடுமாறக் கூடாது. தூய்மையைவிடத் தெளிவுதான் எனக்குப் பெரிது.

———

கழுத்து என்றதும் நினைவுக்கு வந்தது. கழுத்துக்கு அப்பால் குண்டு உட்காரும் பகுதிக்கு 'தொண்டை' என்று எழுதியிருந்தேன். கழுத்தும் தொண்டையும் அருகருகே வந்து குழப்புகின்றன.

———

மிடறு! சிவனைக் கறைமிடற்றோன் என்கிறோம். 'ஒரு மிடறு தண்ணீர்' இன்றும் பேச்சில் உண்டு. வெளியே தெரிவது கழுத்து, உள்ளே விழுங்கும் வழி மிடறு. குண்டு அந்த வழியாகத்தான் குழலுக்குள் இறங்குகிறது. இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தெரியவில்லை.

———

மிடறு எடுத்துக்கொண்டேன், மிக்க நன்றி ஐயா. ரீமர்தான் இன்னும் நிற்கிறது.

———

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அப்பா தச்சர். மரத்தை இழைக்கும் கருவியை இழைப்புளி என்போம். மரம் முன்பே அறுத்து வந்திருக்கும். இழைப்புளி மெல்லிய சுருள் சுருளாக எடுத்து அளவுக்குக் கொண்டுவரும். பட்டறை ஐயா சொல்லும் வேலையும் இதேதானே? 'தோட்டா அறை இழைப்புளி' என்று சொன்னால் அப்பாவுக்கே புரியும்.

———

தங்கை சொன்னது சரி. ரீமரை எண்ணெய் விட்டுக் கொஞ்சம் செலுத்தி, வெளியே இழுத்து, சுருளைத் துடைத்து, மறுபடி செலுத்துவோம். பொறுமையாக இழைக்கிற வேலைதான். நான் ரீமர் என்றேதான் சொல்லிக்கொண்டிருப்பேன், ஆனால் இந்தச் சொல்லைப் படித்தால் கருவி கண்ணில் தெரிகிறது.

———

என் மறுப்பையும் பதிவு செய்யுங்கள். இழைப்பது மேற்பரப்பை, உள்ளே புகுவது குடைதல்தான். தவிர, முதல் வெட்டுக்கு ஒரு ரீமர், முடிக்கும் வெட்டுக்கு ஒரு ரீமர் என்று இரண்டு உண்டு என அறிகிறேன். நிறைய உலோகத்தை எடுக்கும் முதலாவதை இழைப்பு என்று எப்படிச் சொல்வது? முதலாவது குடைவுளி, இரண்டாவது இழைப்புளி என்றால் இரண்டு சொல்லுக்கும் இடம் இருக்கிறது.

———

இழைப்புளிக்கு ஐந்து பேர், குடைவுளிக்கு இருவர், ரீமருக்கு ஒருவர். நாள் இல்லாததால் தலைப்பில் 'தோட்டா அறை இழைப்புளி' என்று வைத்து, முதல் வரியிலேயே 'பட்டறையில் ரீமர் எனப்படுவது' என்று சேர்த்துவிட்டேன். இரண்டையும் 'முதல்வெட்டு இழைப்புளி', 'முடிவெட்டு இழைப்புளி' என்று பிரித்திருக்கிறேன்.

———

அம்மா, 'முடிவெட்டு' வேண்டவே வேண்டாம், சலூன் ஞாபகம் வரும். 'இறுதிவெட்டு' என்று மாற்றுங்கள்.

———

மாற்றிவிட்டேன்.

———

முதல்வெட்டுக்குக் குடைவுளிதான். அடுத்த பதிப்பில் பேசுவோம்.