மேல்வரிசையும் கீழ்வரிசையும்: மலைக் குடியிருப்பு அனுபவங்கள்

கீழ்வரிசை வீட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

மலைச்சரிவில் மதிலும் காவல் வாயிலும் அமைத்துக் கட்டிய குடியிருப்புகளில் வாழ்பவர்கள் பலர் நம் இந்த அனுபவப் பகிர்வுக் குழுவில் மூடுபனியைப் பற்றியும், காலை வெளிச்சத்தைப் பற்றியும், அங்கே கிடைக்கும் அமைதியைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அவை எல்லாம் உண்மைதான். நான் எழுத விரும்புவது அங்கே மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் விதத்தைப் பற்றியது. சமவெளியில் இருக்கும் ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்று தெரியாமலேயே பல ஆண்டுகள் வாழ்ந்துவிட முடியும். சரிவில் அது முடியாது, ஏனென்றால் மேல்வீட்டில் நடப்பது எப்படியாவது கீழ்வீட்டுக்கு இறங்கி வந்துவிடும்.

முதலில் வருவது தண்ணீர். எங்கள் குடியிருப்பின் உச்சியில் பொது நீர்த்தொட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரே குழாய் எல்லா வரிசைகளுக்கும் இறங்குகிறது. நான் குடிவந்த புதிதில் நடந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மேல்வரிசையினர் குளியலறையில் தண்ணீர் சொட்டுகிறதே தவிர வருவதில்லை என்று முறையிட்டார்கள். கீழ்வரிசையில் இருந்த நாங்களோ குழாய்கள் அடிக்கடி வெடிக்கின்றன, வால்வுகள் கசிகின்றன என்று முறையிட்டோம். இரு தரப்பும் மற்றவர் மிகைப்படுத்துகிறார் என்றே நினைத்தார்கள். பராமரிப்புப் பணிக்கு வந்த குழாய்ப் பணியாளர்தான் அழுத்தமானியைக் கொண்டுவந்து இரண்டு இடங்களிலும் பொருத்திக் காட்டினார். உயரத்தில் ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் நீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கூடுகிறது. தொட்டியிலிருந்து 70 மீட்டர் கீழே இருக்கும் வீட்டுக் குழாயில், அதை மூடியிருக்கும்போது, ஏறத்தாழ 7 கிலோ அழுத்தம் நிற்கிறது. தொட்டிக்கு 5 மீட்டர் கீழே இருக்கும் வீட்டில் அரைக் கிலோதான். நாங்கள் தனித்தனியாகச் சொன்ன இரண்டு குறைகளுக்கும் காரணம் ஒன்றுதான் என்று அந்த மானியின் முள்ளைப் பார்த்த பிறகே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சரிவின் நடுவில் ஓர் இடைத்தொட்டியும், கீழ்வரிசைக் குழாய்களில் அழுத்தக் குறைப்பு வால்வுகளும், மேல்வரிசைக்கு ஒரு சிறிய மோட்டாரும் வைப்பது என்று அன்றே முடிவானது. செலவை எல்லா வீடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று முதலில் சொன்னவர் தண்ணீர்ப் பிரச்சினையே இல்லாத நடுவரிசையைச் சேர்ந்தவர். அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

அடுத்தது தாங்குசுவர். எங்கள் வீட்டுக்குப் பின்புறம் இருப்பது மேல்வீட்டாரின் தோட்டத்து மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர். ஒரு மழைக்காலத்தில் அதன் நடுப்பகுதி சற்றே புடைத்திருப்பதைக் கண்டேன். மேல்வீட்டில் வயதான தம்பதியர் இருந்தார்கள். வாயிலில் கண்டால் வணக்கம் சொல்லிக்கொள்வதோடு எங்கள் பழக்கம் நின்றிருந்தது. நான் படியேறிச் சென்று, "ஐயா, உங்கள் தோட்டத்துச் சுவர் எங்கள் பக்கம் புடைத்திருக்கிறது. சிரமம் பார்க்காமல் ஒருமுறை இறங்கி வந்து பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். அவர் உடனே குடையை எடுத்துக்கொண்டு வந்தார். சுவரின் அடியில் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அம்மா, எங்கள் தோட்டத்திலிருந்து பார்த்தால் இது முழங்கால் உயரத் திண்ணை. இப்படி இரண்டு ஆள் உயரத்துக்கு உங்கள் தலைக்கு மேல் நிற்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்றார்.

கொத்தனார் வந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறுவதற்காக இத்தகைய சுவர்களில் இடைவெளிவிட்டுத் துளைகள் வைத்திருப்பார்கள். முன்பு யாரோ சுவருக்குப் பூச்சு பூசியபோது அத்துளைகள் அடைபட்டிருந்தன. வெளியேற வழியில்லாத நீர் மண்ணோடு சேர்ந்து சுவரைத் தள்ளியிருந்தது. துளைகளைத் திறந்ததும் முதலில் கலங்கல் நீரும், பிறகு தெளிந்த நீரும் வெளிவந்தன. புடைத்த பகுதியை மழை ஓய்ந்ததும் இடித்துக் கட்டினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கனமழைக்குப் பின்னும் அவர் தொலைபேசியில் அழைத்து, "துளைகளில் தண்ணீர் வருகிறதா அம்மா?" என்று கேட்பார். வருகிறது என்று நான் சொன்னால்தான் அவருக்கு நிம்மதி. எங்கள் இரு குடும்பங்களின் நெருக்கம் அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தது. இப்போது அவர்கள் ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவி எங்களிடம்தான் இருக்கும்.

சாவியைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலைக் குடியிருப்புகளில் கணிசமான வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும், விடுமுறைக்கு மட்டும் உரிமையாளர்கள் வருவார்கள். பூட்டிய வீட்டில் ஒரு குழாய் உடைந்து வாரக்கணக்கில் ஒழுகினால் அந்த நீர் முழுவதும் கீழ்வீட்டின் அடித்தளத்தை நோக்கித்தான் செல்லும். ஆகவே ஊருக்குப் புறப்படுவதற்கு முன் முதன்மை வால்வை மூட வேண்டும், பக்கத்தில் நிலையாக வசிக்கும் ஒருவரிடம் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்ற இரண்டு விதிகளையும் எங்கள் சங்கம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறது. அந்நியரிடம் சாவி கொடுக்கத் தயங்கிய ஒருவர், அந்தத் தயக்கத்தினாலேயே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசி, எங்களை அறிந்துகொண்ட பிறகு கொடுத்தார். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அப்படித்தான் செய்ய வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன் எல்லோரும் கூடி வடிகால் தூர்வாரும் நாளே எங்கள் குடியிருப்பின் மிகப் பெரிய ஒன்றுகூடல். எந்த விழாவுக்கும் வராதவர்கள்கூட இதற்கு வந்துவிடுவார்கள். கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கிச் செல்வதே சரியான முறை. மேலே முதலில் திறந்துவிட்டால் சருகும் மண்ணும் அடைபட்டிருக்கும் கீழ்க்கால்வாயில் வந்து குவிந்துவிடும். அதனால் மேல்வரிசையினர் அதிகாலையில் மண்வெட்டியுடன் எங்கள் தெருவுக்கு இறங்கி வருகிறார்கள், மாலையில் நாங்கள் அவர்களோடு உச்சிவரை ஏறிச் செல்கிறோம். மண்ணில் புதிய வெடிப்பு தெரிகிறதா, மின்கம்பமோ மரமோ முன்பைவிடச் சாய்ந்திருக்கிறதா, ஊற்றுநீர் திடீரென்று கலங்கி வருகிறதா, எந்த வீட்டிலாவது கதவுகள் நிலையோடு இறுகிக்கொள்கின்றனவா என்றும் அன்றைக்கே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். சரிவு நகரத் தொடங்குவதற்கான அடையாளங்கள் இவை. ஒரே வீட்டில் கண்டால் அது மரவேலைக் கோளாறாக இருக்கலாம். வரிசையாக மூன்று வீடுகளில் கண்டால் பொறியாளரை அழைத்தே ஆக வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசாத குடியிருப்பில் இந்த மூன்று வீடுகளையும் யார் சேர்த்துப் பார்ப்பார்கள்?

மேல்வரிசை உறுப்பினர் ஒருவரின் பகிர்வு:

மேலே எழுதியவர் சொன்னவற்றை அப்படியே ஏற்கிறேன். ஆனால் கீழ்வீட்டார் மட்டுமே மேல்வீட்டாரை நம்பியிருக்கிறார்கள் என்ற எண்ணம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது. தீ கீழிருந்து மேலே ஏறுகிறது. சரிவின் சாய்வு 10 பாகை கூடும்போது மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் பொதுக் கணக்கு. சுவாலையும் வெப்பமும் மேலே இருக்கும் புல்லையும் புதரையும் முன்கூட்டியே உலர்த்திவிடுகின்றன. பறக்கும் தீப்பொறிகள் கூரைத் தண்ணீர்ப் பாதையில் குவிந்த சருகில் விழுந்தால் போதும். எனவே என் வீட்டின் பாதுகாப்பு எனக்குக் கீழே இருப்பவர் தன் காலிமனையில் வளர்ந்த காய்ந்த புல்லை வெட்டுகிறாரா என்பதில் இருக்கிறது. எங்கள் கீழ்வீட்டுப் பெண்மணி ஒவ்வொரு கோடையின் தொடக்கத்திலும், யாரும் நினைவூட்டாமலே, அதைச் செய்துவிடுகிறார். அவருடைய வீட்டுச் சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சரளைக் கல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த அக்கறை எங்களையும் காக்கிறது.

காற்றும் இப்படித்தான். பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேலே ஏறும். இரவில் குளிர்ந்து கனமான காற்று கீழே இறங்கும். நாங்கள் மேல்வரிசையில் வாரஇறுதி இரவுகளில் தீமூட்டி அதைச் சுற்றி அமர்ந்து பாடுவது வழக்கமாக இருந்தது. ஒருநாள் கீழ்வரிசையிலிருந்து ஓர் இளம் தாய் மூச்சிரைக்க ஏறி வந்து, தன் மகனுக்கு மூச்சுத்திணறல் நோய் இருப்பதையும், புகை முழுவதும் அவனுடைய அறையில் தங்கிவிடுவதையும் மிகுந்த தயக்கத்துடன் சொன்னார். எங்களில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. தீயை அன்றே அணைத்தோம். அதன் பிறகு பாட்டுக் கூட்டம் மாலை வெயில் இருக்கும்போதே பொதுமண்டபத்து முற்றத்தில் நடக்கிறது, அந்தச் சிறுவனும் வருகிறான், நன்றாகவே பாடுகிறான்.

அந்த முற்றத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். மலையில் மிகவும் அரிதான பொருள் சமதளம். குழந்தைகளின் பந்தாட்டம், முதியோரின் நடைப்பயிற்சி, விருந்தினர் வாகனங்கள், சங்கக் கூட்டம் ஆகிய எல்லாவற்றுக்கும் எங்களுக்கு இருப்பது அந்த ஒரே முற்றம். எந்த நேரம் யாருக்கு என்று எழுதிவைத்த அட்டவணை உண்டு. பந்து சரிவில் உருண்டுவிட்டால் யார் வீட்டில் விழுந்தாலும் அவர்கள் மறுநாள் காலை அதை மண்டபத் திண்ணையில் வைத்துவிடுவார்கள். விருந்தினர்களை மட்டும் முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்: 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 80 விழுக்காடுதான். வந்த முதல் நாளே அவர்களைக் குழந்தைகளோடு ஓடியாட விடுவது நல்லதல்ல.

வாயில் காவல் பணியில் இருக்கும் உறுப்பினர்:

நான் குடியிருப்பவன் அல்லன், வாயிலில் பணிபுரிபவன். இரவுப் பணியில் கண்ட இரண்டு நிகழ்வுகளை மட்டும் எழுதுகிறேன்.

குப்பைத் தொட்டியை இரவிலேயே வெளியே வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருந்தது. அதன் வாசனைக்கு ஒரு கரடி வந்தது. மூன்றாம் வளைவில் டார்ச் வெளிச்சத்தில் அதை நேருக்கு நேர் பார்த்தேன். ஓடக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதன் வழியை மறிக்காமல், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே பின்னோக்கி மெதுவாக நகர்ந்தேன். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. உணவு கிடைத்த இடத்தைக் கரடி மறப்பதில்லை, மீண்டும் மீண்டும் வரும். அப்படிப் பழகிய கரடிக்கு முடிவு பெரும்பாலும் நல்லதாக இருப்பதில்லை. மறுநாள் சங்கச் செயலாளர் அம்மா வீடுவீடாக என்னோடு நடந்துவந்து, இனி விடிந்த பிறகே தொட்டியை வெளியே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வேலி கட்டியதால் விலங்குகள் வராது என்று நம்பியவர்களுக்கு, வேலியின் எந்த இடைவெளியில் அவற்றின் பழைய தடம் இருக்கிறது என்பதையும் அவர் காட்டச் சொன்னார், காட்டினேன்.

மற்றொன்று மின்சாரம் போன ஒரு மழை இரவு. நெஞ்சுவலி வந்த ஒரு பெரியவரை அழைத்துச்செல்ல ஆம்புலன்ஸ் வந்து வாயிலில் நின்றது. மோட்டாரால் இயங்கும் கதவு அசையவில்லை. கையால் திறப்பதற்கான சாவி அலுவலக அலமாரியில் பூட்டியிருந்தது. அலுவலர் வீட்டுக்கு ஓடிப்போய் அதை வாங்கிவரும் வரை அந்த ஓட்டுநர் ஒரு கடுஞ்சொல்கூடச் சொல்லவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார். அப்போதிருந்து அந்தச் சாவி காவல் அறையிலேயே தொங்குகிறது, எல்லாக் காவலர்களும் அதைப் பயன்படுத்திப் பழகியிருக்கிறோம், குடியிருப்போரிலும் விரும்பியவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் எங்கள் குடியிருப்புக்கு இந்த ஒரே வாயில்தான். மரம் விழுந்தோ மண் சரிந்தோ இந்தச் சாலை அடைபட்டால் வெளியேற வேறு வழி இல்லை என்பதால், கீழ்ப்பக்கம் ஓர் அவசர வழி அமைப்பது பற்றி இப்போது சங்கத்தில் பேசிவருகிறார்கள். இரண்டாம் வழி இருக்கும் குடியிருப்புகளில் வாழ்பவர்கள், அதைத் திறக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது, எப்படிப் பராமரிக்கிறார்கள் என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துச் சொல்வேன்.