போர் விமானி வானத்தில் எதையோ பார்த்தால் மேலிடம் என்ன செய்யும்?

ஆயர் ஈத்தாம் குமார்:
நேற்று இரவு மாமாக் கடையில் பறக்கும் தட்டு பற்றிப் பேச்சு முற்றிப்போனது. 2020 ஏப்ரலில் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பெண்டகனே வெளியிட்ட மூன்று காணொளிகளையும் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போட்டோம். “அமெரிக்காக்காரன் மறைக்கிறான்” என்கிறான் ஒருவன். “எல்லாம் பலூன்தான் லா” என்கிறான் இன்னொருவன். எனக்கு வேறு சந்தேகம். போர் விமானி இப்படி எதையாவது பார்த்துவிட்டு வந்து சொன்னால், அதிகாரிகள் என்னதான் செய்வார்கள்? பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்துப் பக்கம் வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்களேன்.

செந்தூல் வேலு:
என்ன செய்வார்கள், கோப்பை மூடுவார்கள். அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டத்தில் 12,618 புகார்கள் சேர்ந்தன. 701க்கு விடை இல்லை. 1969இல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

பாகான் ஆஜாம் ராஜு:
தம்பி, நான் போர் விமான ரேடார்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கே என்று கேட்காதீர்கள். விமானி இறங்கியதும் ஏணியடியிலேயே பராமரிப்புப் பதிவேட்டை நீட்டுவோம். ஆக்சிஜன் முகமூடி அழுத்திய தடம்கூட முகத்தில் மறைந்திருக்காது. “ரேடாரில் இல்லாதது தெரிகிறது” என்று எழுதினால் எங்களுக்கு வேலை சுலபம். பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்துச் சோதிப்போம். “கண்ணால் பார்த்தேன்” என்பதை எழுத அதில் கட்டமே கிடையாது. வாயால் சொன்னாலோ கேண்டீனில் பட்டப்பெயர் நிச்சயம். மருத்துவரிடம் அனுப்பிப் பறக்க விடாமல் செய்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

அங்கேயும் இதே கதைதான். ரயன் கிரேவ்ஸ் என்ற கடற்படை விமானி 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணையில் சொன்னதைத் தேடிப் பாருங்கள். 2014 வாக்கில் ரேடாரை மேம்படுத்திய பிறகு அவருடைய ஸ்குவாட்ரனுக்கு (விமானப் பிரிவுக்கு) விசித்திரமான தடங்கள் தெரிய ஆரம்பித்தன. முதலில் மென்பொருள் கோளாறு என்றுதான் நினைத்தார்கள் (நானாக இருந்தாலும் பெட்டியைத்தான் கழற்றியிருப்பேன்). அப்புறம் அகச்சிவப்புக் கேமராவிலும் விழுந்தது. ஒருநாள் வர்ஜீனியா பீச்சுக்கு அப்பால், கடல்மேல் ஜோடியாகப் பறந்த இரண்டு எஃப்-18 விமானங்களுக்கு நடுவே ஏதோ புகுந்து போனது. முன்னால் போன விமானத்துக்கும் அதற்கும் 50 அடிதான். பாதுகாப்பு அறிக்கை கொடுத்தார்கள். பதிலே இல்லை. வேற்றுக்கிரகமோ வெறும் பலூனோ, அந்த வேகத்தில் மோதியிருந்தால் உள்ளே இருப்பவன் கதி என்ன? எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கடற்படை 2019இல்தான் புகார் செய்ய முறையான வழி வைத்தது. அமெரிக்க உளவுத் துறையின் 2021 ஜூன் அறிக்கையில் 144 புகார்கள். பெரும்பாலானவை கடைசி இரண்டு ஆண்டுகளில் வந்தவை. உறுதியாக விடை கிடைத்தது ஒன்றே ஒன்றுக்கு: காற்று இறங்கிய பெரிய பலூன்.

ஆயர் ஈத்தாம் குமார்:
அங்கிள், அப்போ பலூன் கட்சிதான் ஜெயிச்சதா? 2004இல் அமெரிக்கக் கடற்படை விமானி ஃபிராவர் பார்த்தது?

பாகான் ஆஜாம் ராஜு:
அவர் மட்டுமா, இரண்டு விமானங்களில் நான்கு பேர் பார்த்தார்கள். அந்த முடிச்சு அவிழவில்லை. ஆனால் நீங்கள் போட்ட மூன்றில் ஒன்றான ‘கோ ஃபாஸ்ட்’ காணொளியை எடுத்துக்கொள்ளுங்கள். கடலை ஒட்டிப் பறப்பது போலத் தெரியும். நாசா குழு 2023இல் திரையிலேயே இருக்கும் எண்களை வைத்துக் கணக்குப் போட்டது. விமானம் 25,000 அடியில், அந்தப் பொருள் சுமார் 13,000 அடியில், அதன் வேகம் மணிக்கு 40 மைல் அளவுதான். விமானம் விரைந்ததில் அதுவும் விரைவது போலத் தெரிந்திருக்கிறது. அடுத்த முறை போடும்போது நடுவில் இருக்கும் புள்ளியை விடுங்கள், ஓரத்து எண்களைப் பாருங்கள்.